வாயால் சொல்லாத பெயர்

சூலூர்,
18.6.1995

அன்புள்ள மாமாவுக்கு,

லோகப்பிரியா எழுதுவது. இங்கே உங்கள் அப்பா, அம்மா, உங்கள் தம்பி தம்பிதுரை, அவர் மனைவி எல்லோரும் சுகம். மின்வெட்டு இல்லாததால் தறிகளும் சுகம். இந்தூரில் மழை இறங்கிவிட்டதா, சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும்.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கோவையில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டேன். இத்தனை நாள் சொந்தக்காரர்கள் சொன்னது எதுவுமே இல்லையாம். காது நன்றாகக் கேட்கிறது. நாக்குக்கு அடியில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ‘ஆட்டிசம்’ என்று சொன்னார். மருந்து எழுதிக் கொடுங்கள் என்றேன், அப்படி ஒன்று இல்லை என்றார். சரவணம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் வகுப்பு நடக்கிறது, அங்கே போங்கள் என்றார். பிள்ளைக்கு இல்லை, அம்மாவுக்கு வகுப்பு. பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குச் சொல்லித் தருவார்களாம். நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறேன்.

இங்கிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சரவணம்பட்டிக்கு இன்னொரு பஸ். டிரைவர் ஏர் ஹாரன் அடித்தால் இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அலறினால் பஸ்ஸே எனக்குப் புத்தி சொல்கிறது. ‘புள்ளைய அடக்கத் தெரியாதா அம்மணி’ என்று ஒரு பெரியவர் கேட்டார். ‘நீங்களே கொஞ்சம் அடக்கிக் காட்டுங்களே’ என்று அவர் மடியில் உட்கார வைக்கலாமா என்று இருந்தது.

முதல் நாளே அவமானம். கயல்விழி டீச்சர் என்று ஒருவர்தான் வகுப்பு எடுக்கிறார். ‘பேர் சொல்லிக் கூப்புடுங்க, திரும்பறானான்னு பாக்கலாம்’ என்றார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். எப்படிச் சொல்வேன்? அவனுக்கு வைத்திருப்பது உங்கள் அப்பா பெயர். மாமனார் பெயரை நான் சொல்லக்கூடாது. புருஷன் பெயரை அத்தை சொல்லக்கூடாது. பெற்ற அப்பன் பெயரைச் சொல்லி வாடா போடா என்பதா என்று நீங்களும் தம்பிதுரையும் சொல்வதில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் அப்பா. அவரும் தன் பெயரைத் தானே கூப்பிடக் கூச்சப்பட்டுக் ‘கண்ணு’ என்கிறார். ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடத்தில்கூட நான் காகிதம் கேட்டு வாங்கி எழுதித்தான் காட்டினேன். எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூடாது. ஆகவே எழுதுகிறேன்: காளிச்சாமி.

கண்ணு, மயிலு, தங்கம், ராசா, சின்னவரு. இப்படித்தான் வீட்டில் கூப்பிடுகிறோம் என்றேன். டீச்சர் சுற்றிலும் கையைக் காட்டினார். ‘ஏனுங்க, இந்த ரூம்ல இருக்கற அத்தனையும் கண்ணுதானுங்களே. அவன் எதுக்குத் திரும்போணும்?’ என்றார். பெயர் சொல்லாததால் அவன் இப்படி ஆகவில்லை, அதை நினைத்து அழ வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் இவனைப் போன்ற பிள்ளைக்கு ஐந்து பெயர் வைத்தால் ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேராது. ஒரே பெயர், வீட்டில் எல்லோர் வாயிலும் அதே பெயர். அதுதான் முதல் பாடமாம்.

நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, உங்கள் அப்பாவிடம் பேசுங்கள். இரண்டு, லீவு போட்டு வந்து பத்து நாளாவது வகுப்பில் உட்காருங்கள். அப்பாமார்களும் வர வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கள் லோகப்பிரியா


இந்தூர்,
9.7.1995

அன்புள்ள லோகுவுக்கு,

நான் இங்கு சௌக்கியம். அங்கே அப்பா, அம்மா, நீ, பையன் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நல்ல மழை. சப்பாத்தி பழகிவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. டாக்டர்கள் எதையாவது ஒரு பெயர் சொல்லத்தான் செய்வார்கள். என் பெரியப்பா மகன் ஐந்து வயது வரை பேசவில்லை, இன்று ஏலக்கடையில் அவன் குரல்தான் பெரியது. நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அப்பா பெயர் விஷயத்தில் நான் எப்படி அவரிடம் கேட்பது? அந்த டீச்சருக்கு நம் பக்கத்து வழக்கம் தெரியாது போலிருக்கிறது. கூப்பிட வசதியாக வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார். இங்கே அடுத்த மாதம் டீலர்கள் கூட்டம். புது மாடல் மோட்டார் இறக்குகிறார்கள். மூச்சு விட நேரமில்லை.

அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். உன் உடம்பையும் பையனையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அருள்குமார்


சூலூர்,
20.7.1995

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். தைலம் வந்தது. அத்தை தேய்த்துக்கொண்டார்.

பக்குவமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். உங்கள் அப்பா சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டு, நல்ல முகமாக இருந்த நேரம் பார்த்து, அத்தையை முன்னால் நிற்கவைத்து, ‘பையனுக்குக் கூப்பிட ஒரு சின்னப் பேர் வெச்சுக்கலாமுங்களா மாமா’ என்று கேட்டேன். இதைவிடப் பக்குவம் என்னிடம் இல்லை.

‘எம் பேருல என்ன கொறை கண்டே அம்மணி?’ என்றார். ‘நான் கண்ண மூடுன பொறகு மாத்திக்கொங்க’ என்றார். இரவு சாப்பிட வரவில்லை. அத்தை அழுதார். தம்பிதுரை மனைவி, அந்தக் கிணத்துக்கடவுப் பெண், ஏதோ நான் வீட்டைக் கொளுத்திவிட்டதைப் போல என்னைப் பார்த்தாள். பெயரை மாற்றவும் கூடாது, பெயரைச் சொல்லவும் கூடாது. அப்படியானால் என் பிள்ளையை நான் எப்படித்தான் கூப்பிடுவது? கைதட்டிக் கூப்பிடட்டுமா? அப்படித்தான் இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

டீச்சர் மேலும் கோபம் வருகிறது. ‘வீட்ல எல்லாரும் ஒத்துழைக்கோணுமுங்க’ என்று சுலபமாகச் சொல்கிறார். அவருக்கு மாமனார் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை.

வகுப்பில் ஆமினா பீவி என்று உக்கடத்திலிருந்து ஒருவர் மகனோடு வருகிறார். நான் பட்ட பாட்டைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மகனுக்கும் மாமனார் பெயர்தானாம். ‘நாங்க தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி கூப்புடுவோம். ஊட்டுல சொல்ல முடியலைனா பஸ்ஸுல சொல்லு. பஸ்ஸுல என்ன மாமனாரா உக்காந்திருக்காரு?’ என்றார்.

நேற்று காந்திபுரம் பஸ்ஸில், ஜன்னல் ஓரம் அவனை உட்கார வைத்து, அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, முதல் முறையாகச் சொன்னேன். சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவன் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

லீவு பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் அதற்கு எதுவும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

தங்கள் லோகப்பிரியா


இந்தூர்,
28.8.1995

அன்புள்ள லோகுவுக்கு,

நலம். அனைவரின் நலமும் அறிய விருப்பம். டீலர்கள் கூட்டம் நல்லபடி முடிந்தது. மேனேஜர் என் வேலையைப் பாராட்டிப் பேசினார்.

பஸ்ஸில் அப்படிச் சத்தமாகக் கூப்பிடுவது நன்றாக இருக்காது. சூலூர் பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். அப்பா காதுக்குப் போனால் சங்கடம். பார்த்து நடந்துகொள்.

பையனுக்கு பாட்டரியில் ஓடும் ரயில் ஒன்று ஆள் மூலம் அனுப்பியிருக்கிறேன். கூவும், விளக்கு எரியும். பார்த்தால் சந்தோஷப்படுவான்.

தீபாவளிக்கு வர முயற்சி செய்கிறேன்.

அன்புடன்,
அருள்குமார்


சூலூர்,
10.9.1995

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் அவரவர் பாட்டில் நலமாக இருக்கிறார்கள். உங்கள் ரயில் வந்தது. தம்பிதுரை பாட்டரி போட்டு விட்டார். அது கூவியதும் பையன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். நெற்றி வீங்கிவிட்டது. இப்போது அதைப் பீரோ மேல் வைத்திருக்கிறேன். ஏர் ஹாரனுக்கு அலறுகிறான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே, என் கடிதங்களை நீங்கள் படிக்கிறீர்களா அல்லது வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறீர்களா?

சண்டை போட எழுத உட்காரவில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

திரும்பினான்.

டீச்சர் சொல்லிக் கொடுத்தது இதுதான். அவன் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார வேண்டும். ஒரே ஒரு தரம் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அவனுக்கு அதுவும் தறிச் சத்தம் போல ஆகிவிடுமாம். திரும்பினால் அந்த நொடியே அவனுக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். இவனுக்குப் பொரி. வகுப்பிலும் பஸ்ஸிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று சிங்காநல்லூர் தாண்டி வரும்போது ‘காளிச்சாமி’ என்றேன். காத்திருந்தேன். ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். வாயை அல்ல, கையில் இருந்த பொரியை அல்ல, என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டான். அவ்வளவுதான். என் கையிலிருந்த பொரிப் பொட்டலம் கீழே கொட்டிவிட்டது. நான் அழுததைப் பார்த்துக் கண்டக்டர் சில்லறை பாக்கியைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் பயந்ததும் நடந்தது. பின் சீட்டில் நம் தறியில் வேலை செய்யும் கருப்புசாமி இருந்திருக்கிறார். ‘உங்க மருமக பஸ்ஸுல உங்க பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டு வாராங்க’ என்று உங்கள் அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. உங்கள் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, ‘நீங்க கடைசியா எப்ப சூடா சாப்பிட்டீங்க?’ என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளைக்கு வைத்தியம் கேட்கப் போன இடத்தில் என்னை விசாரித்த ஒரே ஆள் அவர்தான். அவர் மேல் இருந்த கோபத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அது இப்போது முழுவதும் உங்களுக்குத்தான்.

லீவு?

லோகப்பிரியா


சூலூர்,
27.10.1995

அன்புள்ள மாமாவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கு நீங்களும் இல்லை. பட்டாசுச் சத்தத்துக்கு நானும் உங்கள் மகனும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தீபாவளி கொண்டாடினோம். நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன்.

மறுநாள் சூரிய கிரகணம். தம்பிதுரை மனைவிக்கு இது எட்டாம் மாதம். அவளை அறைக்குள் வைத்து, ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்தார்கள். ‘ஒருத்தி பாத்துட்டு இப்பிடி ஆகிப்போச்சு, நீயாச்சும் உள்ள இரு கண்ணு’ என்று அத்தை அவளிடம் சொன்னார். நான் மாசமாக இருந்தபோது கிரகணமே வரவில்லை. வராத கிரகணத்தைப் பார்த்த ஒரே பெண் நான்தான்.

அதுகூடப் பரவாயில்லை. அன்று மாலை உங்கள் அப்பா எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். தம்பிதுரைக்குப் பிறப்பது பையன் என்றால் அவர் பெயரை அவனுக்கு வைப்பதாம். ‘பெரியவனுக்கு வேற எதாச்சும் நல்ல பேரா வெச்சுக்கொங்க. நீயும் அதைத்தானே கேட்டே அம்மணி?’ என்றார். நான் ஏனுங்க மாமா என்றேன். அவர் நேராகப் பார்க்காமல் பேசினார். தறியில் ஆட்கள் கேலி பேசுகிறார்களாம். பெரிய காளிச்சாமி பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், சின்ன காளிச்சாமி பேசவே ஆரம்பிக்க மாட்டார் என்று. ‘எம் பேரு சொல்லுற மாதிரி ஒருத்தன் வேணுமல்லொ’ என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. அவரை அந்த நேரம் என்னால் வெறுக்கக்கூட முடியவில்லை.

அதற்கடுத்ததுதான் என்னைக் கொன்றது. ‘அருளுகிட்ட எஸ்.டி.டி.ல பேசிப்போட்டேன். சரின்னுட்டான்’ என்றார்.

எப்போது பேசினீர்கள்? அந்த பூத் நம் வீட்டிலிருந்து பத்தடி. என்னைக் கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? என்ன சொன்னீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். அவர் வாயால் கேட்டது போதும்.

லோகப்பிரியா


இந்தூர்,
22.11.1995

அன்புள்ள லோகுவுக்கு,

நலம். உன் கோபம் புரிகிறது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பா வயசானவர். அவர் கேட்டதும் எனக்கு மறுத்துப் பேச வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஆடி மாதம் பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டது நீதானே? இப்போது அவரே மாற்றச் சொல்கிறார். உனக்கும் கூப்பிடச் சிரமம் இல்லை. இதில் சண்டை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பேர்தானே லோகு. பையனுக்கு நல்ல பெயராக நீயே ஒன்று பார்.

கம்பெனியில் எனக்கு ஏரியா மேனேஜர் பதவி வரும் போலிருக்கிறது. எல்லாம் பையன் பிறந்த ராசிதான் என்று அம்மா சொன்னார்கள். உன்னிடம் சொன்னார்களா?

அன்புடன்,
அருள்குமார்


சூலூர்,
14.1.1996

மாமாவுக்கு,

தம்பிதுரைக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் கிணத்துக்கடவில் சுகம். பார்த்துவிட்டு வந்தேன். அழகான குழந்தை, தொட்டால் விரலைப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மாசியில் குலதெய்வக் கோயிலில் பெயர் வைக்கிறார்கள்.

பேர்தானே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

ஆடி மாதம் நான் மாற்றக் கேட்டேன், உண்மைதான். அன்றைக்கு அது அவனுக்குச் சொந்தமில்லாத பெயர். யாரும் அவனை நோக்கிச் சொல்லாத பெயர். அன்றே மாற்றியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் யாரும் விடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் ஏறி, யார் யாரிடமோ பேச்சு வாங்கி, ஒவ்வொரு பொரியாகக் கொடுத்து அந்தப் பெயரை அவன் காதில் ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் என்றால் தெரியாது, வா என்றால் தெரியாது, அம்மா என்றால் நான் என்று தெரியுமோ என்னவோ. அவனுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே சொல் அதுதான். அதைச் சொன்னால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிகிறது. வகுப்பில் பத்து பிள்ளைகள் நடுவே டீச்சர் கூப்பிட்டால் தலையைத் தூக்குகிறான். அதைப் பிடுங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பீர்கள். நாளைக்கு அந்தக் குழந்தையை வீட்டில் யாராவது அதிசயமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவன் திரும்புவான். ‘உன்னை இல்ல, நீ போ’ என்பீர்கள். அதை அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அதற்கு டீச்சரிடம் பாடம் இல்லை.

மோட்டார் விற்கிறீர்கள். ஒரு மோட்டாரில் பெயர்ப்பலகையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் கம்பெனி சும்மா இருக்குமா? உங்கள் மகனுக்கு மட்டும் ‘பேர்தானே’.

அவன் பிறந்த ராசியால் உங்களுக்குப் பதவி வருகிறது என்று அத்தை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டுவிடுவேன் என்று விட்டிருப்பார்.

மாசிக்கு வருவீர்களா? வந்து உங்கள் அப்பாவிடம் ‘வேண்டாமுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்வீர்களா?

லோகப்பிரியா


சூலூர்,
26.2.1996

திரு. அருள்குமார் அவர்களுக்கு,

உறை மேல் எழுதும் பெயரை உள்ளேயும் எழுதிவிட்டேன். பெயர் சொல்லும் பயம் எனக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

நீங்கள் வரவில்லை. பதிலும் இல்லை. நேற்று வேன் பிடித்துக் கோயிலுக்குப் போனோம். பொங்கல் வைத்தோம். பெயர் வைக்கும் நேரம் வந்ததும் உங்கள் அப்பா என்னிடம், ‘பையனை வெச்சுக்கிட்டு அந்த வேலாமரத்துகிட்ட இரு அம்மணி, உள்ள வந்தா கத்திப்போடுவான்’ என்றார். நானும் வெளியே போனேன். எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை இவன் எடுத்து, ஜோடி மாறாமல் மதிலோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அத்தனை சொந்தக்காரர்களின் செருப்பையும் சரியாக ஜோடி சேர்த்தான். யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்தேன். எல்லோர் முதுகும் எங்கள் பக்கம் இருந்தது.

‘என்ன பேருங்க வெக்கறது?’ என்று பூசாரி கேட்பது காதில் விழுந்தது. உங்கள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘எம் பேரைத்தானுங்க’ என்றார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. கோயில் வாசல்படிக்கு வந்து, உள்ளே போகாமல், இவன் கண்மட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு நாளும் சொல்லாததை, உங்கள் சனம் அத்தனை பேருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

‘காளிச்சாமி!’

முதலில் உங்கள் அப்பா திரும்பினார். அப்புறம் எல்லாத் தலையும் திரும்பியது. பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அத்தை ‘அய்யோ சாமி’ என்றார். இவன் மட்டும் திரும்பவில்லை. கையில் ஒரு செருப்பை வைத்துக்கொண்டு அதன் வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் கூப்பிடக் கூடாது, அதுதான் பாடம். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் நான் பட்டதை எழுத எனக்குத் தெரியவில்லை. அவன் திரும்பாவிட்டால் அந்தப் பெயர் போய்விடும், நானும் அந்த வீட்டில் மாமனார் பெயரைக் கூவிய பைத்தியக்காரியாகக் கடைசி வரை இருப்பேன். தம்பிதுரை ‘அண்ணி, எந்திரிங்க’ என்று என் தோளைத் தொட வந்தார். நான் நகரவில்லை.

திரும்பினான். என்னைப் பார்த்தான். எழுந்து, அத்தனை பேரும் பார்க்க என்னிடம் வந்து நின்றான். கையில் இருந்தது உங்கள் அப்பாவின் செருப்பு.

நான் மடியிலிருந்து பொரியை எடுத்துக் கொடுத்தேன். பூசாரிதான் சொன்னார்: ‘அந்தப் பேருக்குத்தான் ஆள் இருக்குதுங்களே, அதா திரும்பிப் பாக்கறாரு. வேற பேர் சொல்லுங்க.’

உங்கள் அப்பா இவனையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ‘பிரவின்குமாருன்னு வெச்சுருங்க’ என்றார். அந்தக் கிணத்துக்கடவுப் பெண் ஆரம்பத்திலிருந்தே ஆசைப்பட்டது அந்தப் பெயருக்குத்தான். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை. ஆனால் காலையில் அத்தை அடுப்படியில் இவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்த பெயர், எப்படி வரும்? என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

இப்போது உங்களிடம் ஒன்று. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ‘பையன்’. ‘பையனைப் பார்த்துக்கொள்’, ‘பையனுக்கு ரயில்’. எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். நீங்கள் எழுதக்கூட இல்லை. இனி அவன் பெயர் இல்லாமல் வரும் கடிதத்தைப் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெயர் உறைக்கு வெளியே தெரிய வேண்டும்.

லோகப்பிரியா,
காளிச்சாமியின் அம்மா


இந்தூர்,
12.3.1996

லோகுவுக்கும் காளிச்சாமிக்கும்,

நீ சொன்னபடி உறை மேலேயே எழுதியிருக்கிறேன். பெயரை எழுதி முடித்ததும் கை தானாக ‘அவர்கள்’ என்று சேர்த்துவிட்டது. இரண்டு உறை வீணாகிவிட்டது.

நான் நலமாக இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நலமாக இல்லை. அப்பா மரியாதை, டீலர் கூட்டம், எல்லாம் நான் சொன்ன சாக்கு. போன சித்திரைக்கு வந்தபோது, நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கத்திக்கூடக் கூப்பிட்டேன். என்னைத் தெரியாதவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு எனக்கு அந்த வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது லோகு. அவனுக்கு நான் வேண்டாம் என்று நினைத்தேன். அதனால்தான் பெயரைக் கொடுத்துவிடச் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது.

நேற்று ரூமில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த ரூம்காரர் யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். என் மகனை என்றேன்.

ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி போனாலும் போகட்டும். பங்குனி கடைசியில் கோவை வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்குக் காளிச்சாமியை அழைத்து வருகிறாயா? ரயிலிலிருந்து இறங்கியதும் அவனைக் கூப்பிட வேண்டும்.

அருள்குமார்


சூலூர்,
20.3.1996

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன், அதை வைத்துக் கோபம் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போட வேண்டாம். உங்களுக்கு ஒரு நாள் அவன் திரும்பவில்லை. அதற்கு ஒரு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை. எனக்கு அவன் தினமும்தான் திரும்பவில்லை, நான் எங்கே போவது?

ஸ்டேஷனுக்கு அழைத்து வர மாட்டேன். ரயில் கூவினால் அவன் தலையை மோதிக்கொள்வான். இன்னும் உங்களுக்கு அவனைத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வகுப்பு. வந்த மறுநாளே சரவணம்பட்டிக்குப் போகிறோம், டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

நேராக வீட்டுக்கு வாருங்கள். வருகிற வழியில் பொரி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு, உங்கள் அப்பா எதிரில், அம்மா எதிரில், தரையில் உட்காருங்கள். ஒரு தரம் கூப்பிடுங்கள். கத்த வேண்டாம், அவனுக்குக் காது கேட்கும். திரும்பாவிட்டால் என் முகத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் அப்பா முகத்தையும் பார்க்காதீர்கள். அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அன்றைக்குத் திரும்பாமலும் போகலாம். அடுத்த நாளும் உட்காருங்கள்.

அவன் என்றைக்காவது திரும்புவான். அப்போது அங்கே நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லோகு